பார்த்தது வரைக்கும்

அவளிடம் மணி கேட்டால், "என் வாட்ச்சுல ஆறே கால்" என்பாள். வெறுமனே ஆறே கால் என்று சொல்ல மாட்டாள். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் இருக்குது" என்பாள். என் மனைவி விடாமல் வருமா வராதா என்று மறுபடி கேட்பாள். "மேகம் இருக்குதுக்கா. அவ்ளோதான் எனக்குத் தெரியுது." துணியைக் காயப்போடலாமா கூடாதா என்பதற்கு அவளிடமிருந்து ஒருநாளும் பதில் கிடைத்ததில்லை.

செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு அவள் வரத் தொடங்கியது 2006-ல். நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் கடலூர் நிருபர். காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் காம்பவுண்டு ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், கையில் சின்ன டேப் ரெக்கார்டர். நிலம் எடுக்க வந்த சர்வே ஆள் என்று முதல் வாரம் தெருவில் பேச்சு. அடுத்த வாரம், ஏதோ மாப்பிள்ளை வீட்டை வேவு பார்க்கப் பெண் வீட்டார் ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். தெருவில் விசாரிப்பதைத் தொழிலாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

"குண்டுகரிச்சான் பாக்குறேன் சார்" என்றாள்.

எங்கள் தெருவில் அந்தப் பறவைக்குப் பெயரே கிடையாது. கறுப்பு வெள்ளைக் குருவி, அவ்வளவுதான். வாலைத் தூக்கிக்கொண்டு ஆன்டெனாமேல் உட்கார்ந்து விடிகிற நேரத்தில் பாடும். ஆணுக்குத் தலையும் மார்பும் பளபளக்கும் கறுப்பு. பெண்ணுக்கு அந்த இடமெல்லாம் சாம்பல். கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இந்தப் பறவை எப்படி இணை சேர்கிறது, எப்படி எல்லை பிடித்துக் காக்கிறது என்பது தலைப்பு. எங்கள் தெருவும் பின்தெருவும் அவளுடைய களம். நெல்லிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அப்பா அங்கே சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டாக்டர் பட்டம் வந்தால் அதே கல்லூரியில் நிரந்தர வேலை கிடைக்கும் என்று வீடே காத்திருந்தது. அவளைக் கேட்டால், "கிடைக்கும்னு சொல்றாங்க" என்பாள்.

அவளை வைத்து ஞாயிறு இணைப்பில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினேன். 'காதல் கீதம் இசைக்கும் குருவி' என்று பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கில் தலைப்பு வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகில் நின்றாள்.

"காதல்னு நான் சொல்லலியே சார்."

"தலைப்பு நான் வெக்கறதில்லம்மா."

"பாதிப் பாட்டு பக்கத்து வீட்டு ஆம்பளைக்குப் பாடறது சார். உள்ள வராதங்குறது. அது பாடுனா இதுவும் பாடுது. அது நிறுத்துனா இதுவும் நிறுத்துது. நான் பாத்தது அதுதான்."

"மீதிப் பாதி?"

"பொட்டையக் கூப்புடறதுக்குன்னு புக்குல இருக்குது. நான் இன்னும் பாக்கல."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "கல்யாணம் ஆனதும் பாட்டெல்லாம் நின்னுடும் பாரு. எங்க வீட்டுல அப்படித்தான்."

"அதையும் பாக்கணும்க்கா" என்றாள். கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எல்லையை அவள் கண்டுபிடிக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. பதிவு செய்த பாட்டை டேப்பில் போட்டுத் தரையில் வைப்பாள். தன் இடத்துக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, அந்த வீட்டுக்காரக் குருவி டேப்பின்மேல் பாயும். மறுநாள் கொஞ்சம் தள்ளி வைத்துப் போடுவாள். மறுபடி பாயும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் தள்ளினால் ஓர் இடத்தில் அது வராமல் நின்றுவிடும். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. இப்படி எங்கள் தெரு முழுக்க, வீட்டு மனைகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு வரைபடம் உருவானது. ஒரு காலையில் ஒரு பறவைக்கு ஒரு முறைக்குமேல் டேப் போட மாட்டாள். "இல்லாத ஆளோட எத்தினி வாட்டி சண்டை போட வெக்கறது?" என்றாள்.

தெருமுனை வீட்டில் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு தெருவும் தெரியும். அவள் தினமும் அங்கே ஏறி நின்று குறிப்பெடுக்க அனுமதித்திருந்தார். மேலே காபிகூட அனுப்புவார். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓரடி நிலத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் என்னையும் வைத்துக்கொண்டு அவளைக் கேட்டார்.

"நீ தினம் விடியறதுக்கு முன்ன வந்து நிக்கிற. அவன் எல்லைக்கல்லப் பேத்து நட்டத நீ பாத்துருப்ப இல்ல?"

"பாக்கல அங்கிள்."

"கல்லு நகந்துருக்குதா இல்லியா?"

"இப்ப இருக்கற எடம் தெரியும். முந்தி எங்க இருந்துச்சுன்னு நான் கவனிக்கல."

"பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லேன். உனக்கு என்னா போவுது?"

அவள் பைனாகுலரைத் தூக்கிக் குருவியைப் பார்க்கத் தொடங்கினாள். மறுநாள் மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பருவம் முழுவதும் தெருவில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். பின்தெருவின் பாதி அவளுக்குத் தெரியாமலே போயிற்று. வரைபடத்தில் அந்தப் பகுதியை வெள்ளையாக விட்டிருந்தாள். அக்கம்பக்கத்துக் கோடுகளை வைத்து அதைச் சுலபமாக நிரப்பியிருக்கலாம். ஆய்வு மாணவர்கள் செய்வதுதான் என்று அவளே சொன்னாள்.

அவளைப் பெண் பார்க்க சிதம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். சோறு வடிப்பேன், குழம்பு இதுவரை வைத்ததில்லை என்றிருக்கிறாள். தனியாகப் பேசச் சொன்னார்கள். மாப்பிள்ளை, என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். "இப்பதானங்க பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் மறுபடி வரவில்லை. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் கண்ணு, புடிச்சிருக்குதுன்னு சொன்னா என்னா?"

"குருவிங்க எத்தினி நாள் பாக்குதுக்கா. பொட்டை வந்து, ஆண் காட்டுற பொந்த ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துட்டு, புடிக்கலன்னா அடுத்த எல்லைக்குப் போயிடுது. அதுங்க இருக்கற எடத்துல யாரும் பஜ்ஜி சொஜ்ஜி வெச்சுக்குனு அவசரப்படுத்தறதில்ல."

2008-ல் ஏப்ரல் மாதம் ஒரு காலை அவள் எங்கள் வீட்டு அழைப்புமணியை அடித்தாள். அதுவரை அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. டேப் ரெக்கார்டரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சார், பொட்டை பாடுச்சு."

உட்காரவைத்து டீ கொடுத்தோம். குடிக்காமல் சொன்னாள். எதிர் வீட்டுச் சுவரில் பழைய கரண்ட் மீட்டர் பெட்டி ஒன்று கழற்றாமல் கிடந்தது. அதற்குள் ஒரு ஜோடி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அன்று பின்தெருவிலிருந்து வேறொரு பெண் பறவை வந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்தது. கூட்டுக்காரி பெட்டியிலிருந்து வெளியே வந்து எங்கள் முருங்கை மரத்தில் ஏறிப் பாடத் தொடங்கிவிட்டது. ஆண் எங்கே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. துணிக்கொடி கட்டும் கம்பத்தில், பெண்ணுக்கு வெகு பக்கத்தில் ஆண் உட்கார்ந்திருந்ததாம். வாயைத் திறக்கவில்லையாம். வந்த பறவை ஓடிப்போயிற்று. கூட்டுக்காரி இன்னும் கொஞ்சம் பாடிவிட்டு நேராகப் பெட்டிக்குள் போய் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

"அடை காக்கறது பொட்டை மட்டும்தான் சார். பாடுனதும் அதுதான், பொட்டிக்குள்ள போனதும் அதுதான். கண்ணு இமைக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேற பக்கம் திரும்பல."

டேப்பைப் போட்டாள். ஆணின் பாட்டைவிடச் சன்னமான குரல், நடுநடுவே கரகரப்பு. "திட்ற மாதிரி இருக்குது" என்றாள் என் மனைவி.

செய்தியாக எழுதட்டுமா என்று கேட்டேன். கைடிடம் சொன்ன பிறகுதான் என்றாள்.

கைடு என்று அவள் சொன்ன பேராசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி கடலூரில் என்றாலும் வீடு சிதம்பரத்தில். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பறவைகளைப் போலச் சீட்டியடித்துக் காட்டுவார். ஒரு போன் செய்தால் தலைப்போடு சேர்த்துச் செய்தி கொடுப்பார். எங்களைப் போன்றவர்களுக்கு அவரைப் பிடிக்கும். குண்டுகரிச்சானில் பெண் பாடாது என்று பல வருடமாக மேடைகளில் சொல்லிவந்தவர். "வீட்டுக்கு வீடு அப்படி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று சேர்த்துச் சொல்வார். கூட்டம் சிரிக்கும்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"இளம் ஆணுங்கறாரு சார். மொத வருஷத்து ஆணு மங்கலாத்தான் இருக்கும், உனக்குக் கொழப்பம்ங்கறாரு."

"முட்டைமேல உக்காந்தத சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ பாத்த, வேற எவன் பாத்தான்னு கேக்கறாரு. இளம் ஆண் பாடியதுன்னு ஒரு வரி எழுதி அந்த அத்தியாயத்த முடின்னுட்டாரு."

அந்த ஒரு வரியை அவள் எழுதவில்லை. ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருடத்துக்குமேல் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவளுடைய அப்பா அவளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க சொன்னா கேக்கும். எது பாடுனா நமக்கு என்னா சார்? ஆம்பளன்னே எழுதச் சொல்லுங்க."

"அப்பா, அது பொட்டைப்பா."

"இருக்கட்டும் கண்ணு. அதுக்குத் தெரியும் அது பொட்டைன்னு. நீ ஏன் மல்லுக்கட்டுற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அவளுக்கும் கைடுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இளம் ஆண் என்றும் எழுத வேண்டாம், பெண் என்றும் எழுத வேண்டாம். அந்தக் காலையே ஆய்வேட்டில் இருக்காது. டேப்பைத் துறையில் ஒப்படைத்துவிட வேண்டும். களத்தில் பதிவு செய்ததெல்லாம் துறையின் சொத்து என்பது அங்கே வழக்கம்.

"பாக்காதத எழுத மாட்டேன்னுட்டேன் சார்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டின் கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தத எழுதாம உட்டா, அது பொய்யில சேருமா சார்?"

செய்தித்தாளில் வேலை செய்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. என் மனைவிதான் பதில் சொன்னாள். "சேராது. உள்ள வந்து டீயக் குடி."

வாய்மொழித் தேர்வு 2010-ல் நடந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம். போனேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சுற்றி வளைத்து அங்கேயே வந்தார். இந்த இனத்தில் பெண் பாடுமா? அவளுடைய அப்பா டிபன் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது.

"இந்த ஆய்வேட்டுல அது இல்ல சார்" என்றாள் அவள்.

தேர்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய அப்பா எனக்கு இரண்டு லட்டு கொடுத்தார்.

அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நிரந்தரம் அடுத்த வருடம் என்றார்கள். அதற்கும் கைடின் சொல் வேண்டும். அவள் அவரிடம் கேட்டது வேறொன்று. அந்தக் காலையைப் பற்றித் தன் பெயரில் ஒரு சின்னக் குறிப்பு, ஏதாவது ஓர் ஆய்விதழில், டேப்போடு. அதைக் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்மா" என்றார். என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "பாக்கலாம்னு சொன்னாரு" என்று அப்படியே சொன்னாள்.

2011 கடைசியில் 'தானே' புயல் வந்தது. விடிந்து பார்த்தபோது எங்கள் தெருவில் நின்ற மரங்களைவிடக் கிடந்த மரங்கள் அதிகம். முருங்கை இரண்டாக முறிந்து காம்பவுண்டின்மேல் கிடந்தது. எதிர் வீட்டுச் சுவர் மீட்டர் பெட்டியோடு சரிந்திருந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் அவள் வந்து இரண்டு தெருவையும் சுற்றினாள். மார்ச் பிறந்து ஏப்ரலும் வந்தது. ஆன்டெனாவில் பாட்டு இல்லை. செத்துவிட்டனவா, வேறு இடம் போய்விட்டனவா என்று கேட்டேன்.

"இங்க இல்ல சார்."

அந்த வருடம் சிதம்பரத்தில், தெற்கு வீதி பக்கம் ஒரு திருமண மண்டபத்தில், பேராசிரியர் பறவை ஆர்வலர்களுக்கு ஒருநாள் கருத்தரங்கு நடத்தினார். எனக்கும் அழைப்பு வந்தது. அவள் வரவேற்புக் குழுவில் இருந்தாள். காக்கிச் சட்டை கிடையாது, பட்டுப் புடவை. வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா வரலியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வில் பேராசிரியர் பேசினார். புயலைப் பற்றிச் சொன்னார், விழுந்த மரங்களைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடலூரில் தான் செய்த கள ஆய்வில் பதிவானது என்று சொல்லிவிட்டு மடிக்கணினியில் ஒன்றைத் தட்டினார். மண்டபத்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. சன்னமானது, நடுவே கரகரப்பு. பின்னால் எங்கள் தெருப் பால்காரரின் சைக்கிள் மணியும் கேட்டது.

"பெண் பாடாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாடுகிறது. நான் கேட்டிருக்கிறேன்" என்றார். மண்டபம் கைதட்டியது. ஓரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அவளைப் பார்த்தேன். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். பார்த்தவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வி என்னிடம் இருந்தது.

"பெண் பாடியபோது ஆண் எங்கே இருந்தது சார்?"

அவர் ஒரு நொடிதான் தயங்கினார். "நல்ல கேள்வி. ஆண் இல்லை. துணையை இழந்த பெண் அது. எல்லையைக் காக்க ஆள் இல்லாமல், அந்தத் துயரத்தில் எழுந்த பாட்டு அது."

முன்வரிசையில் ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினார். நான் உட்காரவில்லை. அவளைப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்தவர்களில் அந்தப் பதில் தப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி வாயைத் திறந்தால் போதும்.

அவள் கிண்ணத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"ஆண் இருந்துச்சு சார்" என்றாள். மைக் இல்லாமலே குரல் கேட்டது. "பக்கத்துலயேதான் இருந்துச்சு. துணிக்கொடிக் கம்பத்துல. பாடல, பேசாம உக்காந்திருந்துச்சு. வேற ஒரு பொட்டை எல்லைக்குள்ள வந்ததால இது பாடுச்சு. துக்கம்லாம் இல்ல சார். வெரட்டுனதுதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். பேராசிரியரும் காத்திருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சிரித்தார்.

"கரெக்ட், கரெக்ட். வருஷம் ஆயிடுச்சு பாருங்க. என் ஸ்டூடன்ட்தான். கூடவே இருந்தவங்க. என்னைவிட நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க. இப்படி ஒரு குழு இருந்ததாலதான் என்னால இதச் செய்ய முடிஞ்சுது." அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தாள். முதல் முறையைவிட இந்தக் கைதட்டல் பெரிதாக இருந்தது. பேராசிரியர் சொன்னதில் அதுவரை யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால், அது தீர்ந்துபோன இடம் அதுதான்.

பந்தி நடக்கும்போது அவளை மாடிப்படி அருகில் பிடித்தேன். கோபத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"வாயத் தொறந்தீங்க இல்ல? அதோட ஏம்மா நிறுத்துனீங்க? பாத்தது நான்தான்னு சொல்றதுக்கென்ன?"

"ஆண் இல்லன்னு சொன்னாரு சார். அது தப்பு."

"மத்ததெல்லாம்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கேள்வி புரியாதவளைப் போல இல்லை. நன்றாகப் புரிந்துகொண்டு, அதற்குள் இருந்ததையெல்லாம் பார்த்து முடித்தவள் போல இருந்தாள்.

"பொட்டை பாடும்னு சொன்னாரு சார். அது சரிதான."

உள்ளேயிருந்து யாரோ சாம்பார் கேட்டார்கள். அவள் பரிமாறப் போனாள்.